ஐந்து வெள்ளிக் கிண்ணம்: சிங்கப்பூர் உணவங்காடியில் நூடுல்ஸ்

சிங்கப்பூர் உணவங்காடி (பல சிறு உணவுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம்) ஒன்றில் மீன் உருண்டை நூடுல்ஸ் கடை வரிசையில் நின்று முன்னுக்கு வந்ததும், கடைக்கார ஆன்ட்டி ஐந்து நொடிக்குள் நான்கு கேள்வி கேட்பார். “மீ பொக்? மீ கியா?” “டிரை? சூப்?” “சில்லி?” “இங்கேயா, பொட்டலமா?” முதல்முறை போகிறவர் முதல் கேள்வியிலேயே திணறிவிடுவார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஆன்ட்டியின் கை அதற்குள் வலைக் கரண்டியைப் பிடித்துவிட்டது. ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டி, வந்ததைச் சாப்பிட்டு, “இதற்கா இவ்வளவு பேச்சு?” என்று திரும்புகிறவர்கள் நிறைய.

குறை பெரும்பாலும் சமையலில் இருக்காது. ஐந்து வெள்ளிக்கு ஒரு கிண்ணம் கொடுக்க முடிகிறதென்றால், உணவகத்தில் பரிசாரகர் செய்யும் வேலையைச் சாப்பிட வருகிறவரே செய்வதும் அதற்கு ஒரு காரணம். (டாலரை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) எந்த நூடுல்ஸ் என்று முடிவெடுப்பது, இடம் பிடிப்பது, தட்டைச் சுமப்பது, அடியில் கிடக்கும் சாறு மேலே ஏறும்படி கிளறுவது, கடைசியில் தட்டைத் திருப்பி வைப்பது எல்லாம் அவர் பங்கு. அந்தப் பங்கைத் தெரிந்து செய்கிறவருக்கு அதே கடையில், அதே விலையில், வேறொரு கிண்ணம் கிடைக்கிறது.

விலை எப்படிக் கட்டுப்படியாகிறது

இந்தக் கடைகள் ஒரு காலத்தில் தெருவில் இருந்தவை. 1968, 1969 ஆண்டுகளில் அரசு தெருவோர வியாபாரிகளைப் பதிவு செய்து உரிமம் கொடுத்தது. ஏறத்தாழ 18,000 பேர். குழாய்த் தண்ணீரும் சாக்கடை வசதியும் இல்லாத இடங்களில் அவர்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். 1971 முதல் 1986 வரை கூரை, குழாய், கழிவுநீர்க் கால்வாய், பொது மேசைகள் கொண்ட நிலையங்களைக் கட்டி அவர்களை உள்ளே கொண்டுவந்தார்கள். இப்போது நாடு முழுக்க 110-க்கு மேற்பட்ட உணவங்காடிகள் இருக்கின்றன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தெருவிலிருந்து உள்ளே வந்த முதல் தலைமுறைக்குச் சலுகை வாடகை: மாதம் 192 முதல் 320 வெள்ளி. பிறகு வந்தவர்கள் ஏலத்தில் கேட்டு எடுக்க வேண்டும். 2024-இல் மரின் பரேட் உணவங்காடியில் ஒரு கடைக்கு மாதம் 10,000 வெள்ளிக்கு மேல் ஏலம் போனது ஊர்ப் பேச்சானது. ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்த இரண்டு கடைகளின் விலை வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நாலு வெள்ளிக்கு விற்கும் முதியவரைப் பார்த்துவிட்டு, ஆறு வெள்ளி கேட்கும் இளைஞரைக் கொள்ளைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. இருவரின் கணக்குப் புத்தகமும் ஒன்றல்ல.

விலை கட்டுப்படியாவதற்கு வாடகையைவிடப் பெரிய காரணம், ஒரு கடைக்கு ஒரு பண்டம் என்ற வழக்கம். வான்டன் மீ (இறைச்சிக் கொழுக்கட்டை போட்ட நூடுல்ஸ்) கடையில் வான்டன் மீயும் அதன் கிளைகளும் மட்டுமே இருக்கும். ஒரே குழம்பு, ஒரே சில்லி, ஒரே கொதிபானை. வீணாவது குறைவு, கைப்பழக்கம் முப்பது, நாற்பது வருடத்தில் இயந்திரம்போல் ஆகிவிடுகிறது. பட்டியலில் ஐம்பது படம் போட்ட கடையைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுவது நல்லது. விதிவிலக்கு உண்டு; குறைவு.

பெரும்பாலான கடைகள் நூடுல்ஸைத் தாங்களே செய்வதில்லை. தொழிற்சாலையிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கும். பக்கத்துக் கடைக்கும் அதே சரக்காக இருக்கலாம். கடை தன் கையால் செய்வது சில்லி விழுது, எலும்புச் சாறு, பொரித்த பன்றிக் கொழுப்பு அல்லது வெங்காய எண்ணெய் ஆகியவை. ஒரு கடையின் தரத்தை எடைபோட வேண்டுமானால் இவற்றைத்தான் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: எந்த நூடுல்ஸ்

மீ என்றால் கோதுமை. சும்மா “மீ” என்று கேட்டால் உருண்டையான, தடித்த, மஞ்சள் நூடுல்ஸ் வரும். மீ பொக் பட்டையானது, நாடாவைப் போல. மீ கியா மெல்லியது. பீ ஹூன் அரிசியில் செய்தது, காயவைத்த இடியாப்பத்தின் நெருங்கிய உறவு. லக்சா என்னும் தேங்காய்ப்பால் குழம்பு நூடுல்ஸுக்குப் போடும் தடித்த பீ ஹூனும் உண்டு. குவே தியாவ் பட்டையான அரிசி நூடுல்ஸ், வழுவழுப்பானது. மீ தாய் மாக் விரல் நீளத்தில் கூர்முனையோடு இருக்கும். குழந்தைகளுக்குக் கரண்டியால் ஊட்டச் சுலபம். பான் மியான் கடைகளில் மாவை அப்போதே தேய்த்து வெட்டிப் போடுவார்கள். மீ ஹூன் குவே என்றால் அதே மாவைக் கையால் கிள்ளிப் போடுவது.

மஞ்சள் நிறத்தைப் பார்த்து முட்டை நிறையப் போட்டிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நிறத்தைக் கொடுப்பது பெரும்பாலும் காரநீர். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கலந்த காரநீரை மாவில் சேர்த்துப் பிசைகிறார்கள். நம் அப்பளக்காரத்தின் வேலையேதான். கோதுமை மாவில் இயல்பாக இருக்கும் நிறமிகள் காரத்தில் மஞ்சளாக மாறும். மாவின் பசைப்புரதம் இறுகும். கடித்தால் எதிர்த்துத் துள்ளும். கூடவே ஒரு சவர்க்கார வாடையும் வரும். ஹொக்கியன் என்னும் சீன வட்டார மொழி பேசுகிறவர்கள் அதைக் “கீ” என்பார்கள். கிண்ணத்தில் கசப்பும் சோப்பு வாடையும் தெரிந்தால், கடைக்காரர் அலசுவதில் அவசரப்பட்டுவிட்டார் என்று பொருள்.

எதற்கு எதைக் கேட்பது? சில்லியோடு பிரட்டிய டிரை வேண்டுமானால் மீ பொக் அல்லது மீ கியா. பட்டையான மீ பொக்கில் சாறு நன்றாக ஒட்டும். மெல்லிய மீ கியா சீக்கிரம் வேகும், அதே வேகத்தில் கட்டிபிடிக்கும். மெதுவாகச் சாப்பிடுகிறவர்கள் மீ பொக் கேட்பது பாதுகாப்பு. சூப்போடு வேண்டுமானால் குவே தியாவ் அல்லது பீ ஹூன். காரநீர் சேர்த்த மஞ்சள் நூடுல்ஸ் தெளிந்த சூப்பில் தன் வாடையை இறக்கிவிடும். இறால் மீ கடையில் மஞ்சள் மீயும் பீ ஹூனும் பாதிப்பாதி கேட்பது பழைய வழக்கம்: ஒன்று கடிக்க, ஒன்று சாற்றை உறிஞ்ச.

இரண்டாம் கேள்வி: டிரையா, சூப்பா

டிரை என்றால் வறண்டது என்று எண்ண வேண்டாம். சூப் தனிக் கிண்ணத்தில் வரும். நூடுல்ஸ் சில்லியிலும் எண்ணெயிலும் பிரட்டி வரும். ஹொக்கியனில் “தா”. பக் சோர் மீ என்னும் கொத்திறைச்சி நூடுல்ஸுக்கு டிரைதான் முறை.

கடைக்காரர் செய்வதைக் கவனித்தால் முழு வித்தையும் தெரியும். முதலில் கிண்ணத்தின் அடியில் சாறு: ஒரு கரண்டி சில்லி விழுது, கொஞ்சம் சோயா, பன்றிக் கொழுப்பு எண்ணெய், ஒரு தேக்கரண்டிக்குக் குறையாமல் கறுப்பு வினிகர், சிலர் தக்காளி சாஸும் சேர்ப்பார்கள். ஒரு கைப்பிடி நூடுல்ஸை உதிர்த்து, மாவு தட்டி, வலைக் கரண்டியில் வைத்துக் கொதிநீரில் முக்குவார். மீ கியாவுக்கு அரை நிமிடமே அதிகம். மீ பொக்குக்குச் சற்றுக் கூடுதல். எடுத்துக் குளிர்நீரில் ஒரு முக்கு. காரநீர் வாடை போவதும், மேல் பசை கழுவப்படுவதும், வேக்காடு நிற்பதும் அங்கேதான். மீண்டும் கொதிநீரில் ஒரு நொடி சூடுகாட்டி, இரண்டு மூன்று முறை பலமாக உதறித் தண்ணீரை வடித்துக் கிண்ணத்தில் கொட்டுவார். மேலே கொத்திறைச்சி, இறைச்சித் துண்டு, ஈரல், வேகவைத்த காளான், பொரித்த தட்டை மீன் சில்லு, கொழுப்புப் பொரி.

தவறுகள் எங்கே நடக்கும்? உதறாவிட்டால் தண்ணீர் கிண்ணத்துக்கு வந்து சில்லியை நீர்க்கச் செய்துவிடும். குளிர்நீர் முக்கைத் தவிர்த்தால் கீ வாடை. மதியக் கூட்டம் முடியும் நேரத்தில் கொதிபானைத் தண்ணீர் மாவு கரைந்து கஞ்சியாகிவிடும். அதில் வெந்த நூடுல்ஸ் வெளியே எடுத்ததுமே பிசுபிசுக்கும். நல்ல கடைக்காரர் நடுவில் தண்ணீரை மாற்றுவார். அவர் பானையைக் கவிழ்த்துப் புதுத் தண்ணீர் ஊற்றுவதைக் கண்டால், ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்பதற்கு வருத்தப்படாதீர்கள். அன்றைய மிகச் சிறந்த கிண்ணம் அதற்கு அடுத்ததாக வரும்.

இனி சாப்பிடுகிறவரின் முறை. சாறு முழுக்க அடியில் கிடக்கிறது. மேசைக்கு வந்ததும் குச்சியை அடிவரை இறக்கி, கீழிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிப் பத்துப் பதினைந்து முறை கிளற வேண்டும். ஒவ்வொரு இழையிலும் எண்ணெய் ஏறிவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. படம் எடுத்து, பேசி, குளிர்பானம் வாங்கி வந்து நாலு நிமிடம் கழித்துக் கிளறினால் நூடுல்ஸ் ஒரே உருண்டையாக எழும்பி வரும். அப்படி ஆகிவிட்டாலும் வழி உண்டு: பக்கத்தில் இருக்கும் சூப்பில் இரண்டு கரண்டி ஊற்றிக் கிளறினால் இளகிவிடும். சூப்பைத் தனியாகக் கொடுப்பதில் இந்த உபயோகமும் அடங்கியிருக்கிறது.

சில்லி வேண்டாம் என்று சொல்வது உங்கள் உரிமை. ஆனால் டிரை கிண்ணத்தில் சில்லியை நீக்கினால் பல கடைகள் அதற்கு ஈடாகத் தக்காளி சாஸைப் போட்டுவிடும், கிண்ணம் இனிப்பாகிவிடும். காரம் குறைவாக வேண்டுமானால் “லிட்டில் சில்லி” என்று கேளுங்கள். சில்லியே ஆகாது என்றால் சூப் வாங்குவதுதான் நியாயம்.

2016-இல் சிங்கப்பூருக்கு மிஷெலின் வழிகாட்டி முதல்முறை வெளிவந்தபோது, கிராஃபோர்ட் லேன் காப்பிக்கடை ஒன்றில் இருக்கும் ஹில் ஸ்திரீட் தாய் ஹுவா என்ற பக் சோர் மீ கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். நல்ல கடை, வினிகரில் தனிக் கை. ஆனால் அந்த நீண்ட வரிசையில் நிற்கும் நேரத்தில் வேறொரு வட்டாரத்தில் இரண்டு கடைகளைச் சுவைத்துவிடலாம். பக் சோர் மீ எல்லா வட்டாரத்திலும் இருக்கிறது. காலையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே பெரியவர்கள் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும் கடை எதுவோ, அதில் தொடங்குங்கள்.

மீன் உருண்டையைப் பற்றி ஒன்று. இக்கான் பாராங் என்னும் மீனை (நம் கரையில் முள்ளுவாளை) சுரண்டி, உப்பு சேர்த்து, பனிக்கட்டி நீர் தெளித்து அடித்து அடித்துப் பசையாக்குகிறார்கள். உப்பு மீனின் புரதத்தைக் கரைத்து வெளியே இழுக்கும். அடிப்பது அதைப் பின்னலாக்கும். நடுவில் பசை சூடேறினால் பின்னல் அறுந்து உருண்டை பொலபொலக்கும். கையால் பிடித்த உருண்டை முழுவட்டமாக இருக்காது, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும். பந்துபோல் ஒரே அளவில் இருந்தால் இயந்திரம் செய்தது.

வாணலிக் கடைகள்

பிரட்டி வறுக்கும் கடைகளில் காத்திருப்பு நீளும். சார் குவே தியாவுக்குக் குவே தியாவும் மஞ்சள் மீயும் சேர்த்து, முட்டை, பயற்றுமுளை, சீனத் தொத்திறைச்சி, சிப்பிச் சதை, இனிப்புக் கறுப்புச் சோயா போட்டு மிகக் கடும் தீயில் வறுப்பார்கள். எண்ணெய்ப் புகையும் சோயாவின் விளிம்பு கருகலும் சேர்ந்து வரும் மணத்தை “வொக் ஹெய்” என்கிறார்கள். வாணலியின் மூச்சு என்று பொருள். அந்த மணம் வாணலியின் சூட்டைப் பொறுத்தது. ஒரே நேரத்தில் ஏழெட்டுத் தட்டுக்கு நூடுல்ஸைக் கொட்டினால் வாணலி குளிர்ந்துவிடும், ஈரம் ஆவியாகப் பறக்காமல் தேங்கும், வறுவல் அவியலாகிவிடும். தட்டுத் தட்டாக வறுக்கிறவரின் வரிசை மெதுவாக நகரும். அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும்.

குவே தியாவைக் குளிர்பெட்டியில் வைத்தால் விறைத்து, வாணலியில் துண்டு துண்டாக உடையும். பழைய சோறு விறைப்பதும் இதே காரணத்தால்தான்: வெந்த மாவுச்சத்து குளிரில் மீண்டும் இறுகுகிறது. அன்றன்று வாங்கிய சரக்கு நீள இழையாக நிற்கும். தட்டில் எல்லாம் பொடிப்பொடியாக இருந்தால் நேற்றைய சரக்கு என்று சந்தேகிக்கலாம். சிப்பிச் சதையை இங்கே ஹம் என்பார்கள். அரைவேக்காடாகப் போடுவது பழைய வழக்கம். கல்லீரல் அழற்சி ‘ஏ’ தொற்று அரைவேக்காட்டுச் சிப்பியால் பரவியிருக்கிறது. “நோ ஹம்” என்று சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஹொக்கியன் இறால் மீயில் வறுவல் பாதி, ஊறல் பாதி. முட்டையும் மஞ்சள் மீயும் பீ ஹூனும் வாணலியில் சற்றுப் பொரிந்த பிறகு, இறால் தலையும் பன்றி எலும்பும் போட்டுக் காய்ச்சிய சாற்றை ஊற்றி மூடிவைக்கிறார்கள். சாறு உள்ளே இறங்கியதும் திறந்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி மறுபடி மூடுவார்கள். மூடிவைக்கும் அந்தச் சில நிமிடங்களைச் சுருக்கினால் நூடுல்ஸ் ஒரு பக்கம், சாறு ஒரு பக்கமாகக் கிடக்கும். நன்றாகச் செய்தது கூழாகவும் இருக்காது, உதிரியாகவும் இருக்காது. தட்டைச் சாய்த்தால் மெல்லப் படரும். ஓரத்தில் சம்பால் என்னும் மிளகாய் விழுதும் லிமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையும் வரும். எலுமிச்சையை முதலிலேயே பிழிந்துவிட வேண்டும். அந்தக் கனத்த சாற்றுக்கு அது இல்லாமல் நாலு வாய்க்கு மேல் திகட்டும். சில கடைகளில் பொட்டலத்தைப் பாக்கு மட்டையில் கட்டித் தருவார்கள். மட்டையின் மணம் நூடுல்ஸில் ஏறும்.

தமிழ் பேசும் வாணலி

சிவந்த மீ கோரெங்கைச் சீனக் கடையில் தேட வேண்டாம். அது தமிழ் முஸ்லிம் கடைகளின் பண்டம். கடையநல்லூர், தென்காசிப் பக்கங்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, காய்ந்த மிளகாய் விழுது, தக்காளி சாஸ், ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், சோயாக் கட்டி, முட்டை சேர்த்துத் தங்கள் வாணலியில் வறுத்தார்கள். அந்த ஊர்களில் யாருக்கும் தெரியாத பண்டம் இங்கே “இந்திய மீ கோரெங்” ஆனது. இரண்டு கடல்வழிகள் ஒரு வாணலியில் சந்தித்ததற்கு இதைவிட நல்ல சான்று காட்ட முடியாது.

லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா நிலையத்தில் தமிழிலேயே கேட்கலாம்: “அண்ணே, ஒரு மீ கோரெங், ஆட்டுக்கறி போட்டு, நல்லா டிரையா.” கடைசிச் சொல் முக்கியம். பயற்றுமுளையும் முட்டைக்கோஸும் நீர் விடும். தீ குறைந்தாலோ தட்டு அதிகமானாலோ அந்த நீர் தக்காளி சாஸோடு சேர்ந்து குழைந்துவிடும். நன்றாக வறுத்ததில் சில இழைகளின் நுனி கறுத்து முறுகியிருக்கும், தட்டின் அடியில் நீர் நிற்காது. இதே முறையில் உடனடி நூடுல்ஸில் செய்வது மேகி கோரெங்.

மலாய்க் கடைகளில் வேறு குடும்பம். மீ ரெபூஸின் கெட்டிக் குழம்பு சர்க்கரைவள்ளிக் கிழங்கில் கெட்டிப்படுகிறது. புளிக்கவைத்த சோயா விழுதும் காய்ந்த இறாலும் உப்பும் ஆழமும் தருகின்றன. மீ சியாம் பீ ஹூனில், புளிக் குழம்போடு வரும். மீ சோத்தோ மல்லி, சீரகம் மணக்கும் கோழிச் சாறு. கூட வரும் கறுத்த சில்லியில் ஊசிமிளகாய் இருக்கிறது, அரைக் கரண்டிக்கு மேல் போட்டு அழாதீர்கள்.

லக்சாவைச் சொல்லாமல் விட முடியாது. தேங்காய்ப்பால் குழம்பு கொதித்துத் தளதளத்தால் பால் திரிந்து எண்ணெய் தனியே நிற்கும். அதனால் மெல்லிய சூட்டிலேயே வைத்திருப்பார்கள். நூடுல்ஸின் மேல் சூடான குழம்பை ஊற்றி வடித்து, மறுபடி ஊற்றி வடித்து, மூன்றாம் முறை ஊற்றித் தருவது நூடுல்ஸ் உள்வரை சூடேறத்தான். கத்தோங் வட்டாரப் பாணியில் நூடுல்ஸை வெட்டிப் போட்டிருப்பார்கள். குச்சி வேண்டாம், கரண்டி போதும். லோர் மீயில் மாவுச்சத்துக் குழம்பு முதலில் பசைபோல இருந்து, சாப்பிடச் சாப்பிடத் தண்ணீராகும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கரண்டி வழியாகக் கிண்ணத்துக்குப் போகும் உமிழ்நீர் மாவுச்சத்தை உடைக்கிறது. வேகமாகச் சாப்பிடுவதே மருந்து.

சாப்பிடக் கூடாதவை

பக் சோர் மீ, வான்டன் மீ, சார் குவே தியாவ், ஹொக்கியன் மீ ஆகியவற்றில் பன்றி இறைச்சியோ கொழுப்போ சாறோ இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். “நோ போர்க்” என்று எழுதிய பலகையும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல. சான்றிதழை வழங்குவது மூயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றம். முஸ்லிம் கடைகளில் தட்டும் கரண்டியும் தனி நிறத்தில் இருக்கும், திருப்பிவைக்கும் இடமும் தனி. உங்கள் நண்பர் வாங்கிய வான்டன் மீக் கிண்ணத்தை அந்தத் தட்டில் வைத்துவிடாதீர்கள். அந்தக் கடைக்காரருக்கு அது பெரிய சங்கடம்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடையில் “இறைச்சி வேண்டாம், சூப் மட்டும்” என்று கேட்பதில் பயனில்லை, சூப்பே அதுதான்.

சைவர்களுக்கு வழி குறுகலானது, ஆனால் அடைபடவில்லை. காய்கறி மட்டும் போட்ட நூடுல்ஸ் என்றாலும் சூப் நெத்திலியிலோ எலும்பிலோ காய்ச்சியது; லக்சா விழுதிலும் சம்பாலிலும் காய்ந்த இறால் உண்டு; மீ பொக்கில் முட்டை இருக்கலாம். “வெஜிடபிள்” என்று சொல்வதும் “வெஜிடேரியன்” என்று சொல்வதும் இங்கே வேறு வேறு. பௌத்த சைவக் கடைகளைத் தேடுங்கள். பெயர்ப்பலகையில் 素 என்ற சீன எழுத்து இருக்கும். காலையில் அங்கே கிடைக்கும் சைவ பீ ஹூன் ஊரின் மலிவான உணவுகளில் ஒன்று. சோயா, கோதுமைப் புரதத்தில் செய்த இறைச்சிபோன்ற துண்டுகளைப் பார்த்துத் தயங்க வேண்டாம். வெங்காயம், பூண்டுகூட அந்தச் சமையலில் சேர்ப்பதில்லை.

இடம், நேரம், தட்டு

வட்டாரக் கடைகளில் ஒரு கிண்ணம் 4 முதல் 6 வெள்ளி. “ஐந்து வெள்ளி” என்று சொன்னால் அதுவே அளவைச் சொன்னதாகும். பலகையில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று விலை இருக்கும். எழுதியிருக்கும் விலைதான் கொடுக்கும் விலை. குளிரூட்டிய உணவகங்களில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் மேலே ஏறும். ரொக்கம் கையில் இருக்கட்டும். முதிய கடைக்காரர்கள் சிலர் இன்னும் அதை மட்டுமே வாங்குகிறார்கள்.

மேசையில் ஒரு கைத்துடைப்புத்தாள் பொட்டலமோ குடையோ கிடந்தால் அந்த இடம் எடுக்கப்பட்டுவிட்டது. இதற்குப் பெயர் “சோப்” (chope). சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் எல்லோரும் மதிக்கிறார்கள். தனியாக வந்தவர் நாலு பேர் மேசையில் ஓரிடம் காலியிருந்தால் கேட்டுவிட்டு உட்காரலாம், மறுக்க மாட்டார்கள். வாணலிக் கடைகளில் மேசை எண்ணைக் கேட்பார்கள் என்பதால் முதலில் இடம், பிறகு வரிசை.

தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பர் முதல் உணவங்காடிகளில் கட்டாயம். முதல்முறை எழுத்து எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். துடைத்த தாளையும் மீன் முள்ளையும் சேர்த்துத்தான்.

ஆமோய் ஸ்திரீட், மேக்ஸ்வெல் போன்ற அலுவலக வட்டார நிலையங்களுக்குப் பகல் 12 முதல் 1.30 வரை போகாதீர்கள். 11.15 நல்ல நேரம்: சாறு இறங்கியிருக்கும், கொதிபானைத் தண்ணீர் தெளிவாக இருக்கும். இரண்டு மணிக்கு மேல் போனால் நல்ல கடை கதவடைத்திருக்கும். பக் சோர் மீ, மீன் உருண்டைக் கடைகள் பல காலையோடு முடித்துக்கொள்பவை. திங்கட்கிழமை விடுமுறை அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழு நிலையத்தையும் சில நாள் மூடிக் கழுவுவார்கள். அந்தத் தேதிகளைத் தேசிய சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடுகிறது.

பொட்டலம் வாங்குகிறவர்களுக்கு: டிரை நூடுல்ஸ் வீடு வரை தாங்காது. வாங்கித்தான் ஆக வேண்டுமானால் மீ கியாவை விட்டுவிட்டு மீ தாய் மாக் அல்லது தடித்த பீ ஹூன் கேளுங்கள், கடை வாசலிலேயே பெட்டியைத் திறந்து ஒருமுறை கிளறிவிடுங்கள். சூப் நூடுல்ஸானால் சூப்பைத் தனிப் பையில் கட்டச் சொல்லுங்கள். வீட்டில் சூப்பை நன்றாகக் கொதிக்கவிட்டு நூடுல்ஸின் மேல் ஊற்றினால் போதும். இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் கடைக்காரர் குளிர்நீரில் முக்கி நிறுத்திய வேக்காட்டை நீங்கள் மறுபடி தொடங்கிவிடுகிறீர்கள்.